கடவுச்சீட்டில் ஒரு பழைய சொல்: பொருள் மாறிய ஆங்கிலச் சொற்களைப் பற்றி

இந்தியக் கடவுச்சீட்டைத் திறந்தால், குடியரசுத் தலைவரின் பெயரால் விடுக்கப்படும் ஒரு வேண்டுகோள் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். இதை வைத்திருப்பவர் ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ தாராளமாகச் சென்றுவர அனுமதிக்க வேண்டும் என்று அதன் ஆங்கில வாசகம் சம்பந்தப்பட்ட அனைவரையும் கேட்டுக்கொள்கிறது. ‘லெட்’ என்றால் ‘விடு, அனுமதி’ என்று பள்ளியில் படித்தவர் இந்த வரியில் நின்று யோசித்தால் குழம்பித்தான் போவார். தடை இல்லாமல் செல்லலாம் என்பது சரி. அனுமதியும் இல்லாமல் எப்படிச் செல்வது?

இங்கே இருப்பது நாம் படித்த ‘லெட்’ அன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ஒலியில் நெருங்கிய இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. ‘லேட்டன்’ என்ற சொல்லுக்கு விடுதல் என்று பொருள். ‘லெட்டன்’ என்ற சொல்லுக்குத் தாமதப்படுத்துதல், தடுத்தல் என்று பொருள். காலந்தாழ்த்தலைக் குறிக்க இன்று வழங்கும் ‘லேட்’ அதற்கு உறவு. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல இரண்டின் ஒலியும் தேய்ந்து ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன. ‘விடு’ என்பதற்கும் ‘தடு’ என்பதற்கும் ஒரே சொல் என்றால் மொழி நெடுநாள் தாங்காது. தடுத்தலைக் குறித்த ‘லெட்’ பேச்சிலிருந்து மெல்ல விலகி, சட்ட வாசகங்களுக்குள்ளும் டென்னிஸ் ஆடுகளத்துக்குள்ளும் ஒதுங்கிக்கொண்டது. ஆட்டத்தைத் தொடங்கும் அடியில் பந்து வலையை உரசிச் சரியான கட்டத்தில் விழுந்தால் நடுவர் சொல்லும் ‘லெட்’டும், தடை நேர்ந்ததால் மறுபடி ஆடு என்று சொல்லும் அந்தப் பழைய சொல்லே என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம்.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், தந்தையின் ஆவியைப் பின்தொடரும்போது தன்னை ‘லெட்’ செய்கிறவனைப் பிணமாக்கி அவனையும் ஓர் ஆவியாக்கிவிடுவதாக நண்பர்களை மிரட்டுகிறான். தன்னைப் போகவிடுபவனை எதற்காகக் கொல்ல வேண்டும்? தடுப்பவனைத்தான் கொல்வேன் என்கிறான். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில், உங்களிடம் வரப் பலமுறை எண்ணியும் இதுவரை ‘லெட்’ செய்யப்பட்டேன் என்கிறார் பவுல். தமிழ் விவிலியம் இந்த இடத்தில் ‘தடை’ என்றே சொல்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் தம் மொழியின் புகழ்பெற்ற மொழிபெயர்ப்பில் தடுமாறும் அந்த வரியைத் தமிழில் படிப்பவர் தடுமாறாமல் கடந்துவிடுகிறார்.

பழைய ஆங்கிலச் சொற்கள் என்றதும், யாரும் கேள்விப்படாத, வாயில் நுழையாத சொற்களின் பட்டியல்தான் பெரும்பாலோர் நினைவுக்கு வருகிறது. அத்தகைய சொற்களால் வாசகருக்குப் பெரிய கேடு எதுவும் நேர்வதில்லை. சொல் தெரியவில்லை என்பது உடனே புலப்படுவதால் அவர் அகராதியைத் திறந்துவிடுவார். தெரிந்த சொல்லின் உருவத்தில் வந்து நிற்கும் தெரியாத பொருள்தான் உண்மையான இடர். வாசகர் நிற்பதில்லை, ஐயப்படுவதில்லை, தவறாகப் புரிந்துகொண்டதை அறியாமலே அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். ஷேக்ஸ்பியரையும் பழைய விவிலிய மொழிபெயர்ப்பையும் பதினேழாம் நூற்றாண்டுக் கடிதங்களையும் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு நாம் முதலில் சொல்லித்தர வேண்டியது இந்தச் சொற்களைப் பற்றித்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த அனுபவம் நமக்குப் புதிதன்று. என்றும் இளையவனான முருகனைத் திருமுருகாற்றுப்படை ‘மலைகிழவோன்’ என்று அழைத்து முடிகிறது. கிழவன் என்றால் உரியவன், தலைவன் என்ற பொருள் தெரியாதவருக்கு அந்த முடிவு விளங்காது. ‘கற்பூரம் நாறுமோ’ என்று ஆண்டாள் சங்கைக் கேட்கும்போது நறுமணத்தைத்தான் கேட்கிறாள். ஆங்கிலத்திலும் இதே இயக்கங்கள் நடந்திருக்கின்றன. சில இடங்களில் அவை ஒரு சமூகம் எப்படி வாழ்ந்தது என்பதையே காட்டிக்கொடுக்கின்றன.

காலத்தைக் குறிக்கும் சொற்களைப் பார்க்கலாம். இன்றைய ஆங்கிலத்தில் ‘சூன்’ என்றால் சற்று நேரத்தில், விரைவில் என்று பொருள். அதன் பழைய வடிவமான ‘சோனா’ உடனே, அந்தக் கணமே என்று பொருள்பட்டது. இலக்கிய வழக்காக மட்டும் எஞ்சியிருக்கும் ‘அனான்’ என்பதன் மூலப் பொருள் ‘ஒரே கணத்தில்’ என்பதாகும். பின்னாளில் அதுவும் ‘இதோ, கொஞ்சம் பொறு’ என்றாகிவிட்டது. ‘பை அண்ட் பை’ என்ற தொடரும் அப்படியே. மாற்கு எழுதிய நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், ஏரோது மன்னன் முன் ஆடிய பெண் யோவான் ஸ்நானகனின் தலையைத் தட்டில் வைத்து ‘பை அண்ட் பை’ தரவேண்டும் என்று கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் கேட்கிறாள். இன்றைய பொருளில் வாசித்தால், வசதிப்படும்போது, அவசரமில்லை என்று சொல்வதைப் போல இருக்கும். தமிழ் மொழிபெயர்ப்பில் அவள் ‘இப்பொழுதே’ என்கிறாள். காட்சியின் கொடூரம் முழுவதும் அந்த அவசரத்தில் இருக்கிறது. சொல்லின் பழைய பொருளைத் தவறவிட்டவர் காட்சியையே தவறவிடுகிறார். இயேசு சபித்த அத்திமரம் ‘ப்ரெசன்ட்லி’ பட்டுப்போயிற்று என்று மத்தேயு நற்செய்தியின் ஆங்கிலம் சொல்வதும் உடனே பட்டுப்போயிற்று என்ற பொருளில்தான்.

உடனடித்தன்மையைக் குறித்த இத்தனை சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமதத்தைக் குறிப்பவையாக மாறியது தற்செயலாக இருக்க முடியாது. உடனே வருகிறேன் என்று சொன்னவர்கள் உடனே வராததால், சொல் அவர்களுடைய நடத்தைக்கு ஏற்பத் தன் பொருளைத் தளர்த்திக்கொண்டது. பொருள் தளர்ந்த சொல்லுக்குப் பதிலாகப் புதிய சொல் ஒன்று தேவைப்பட, அதையும் மக்கள் அதே விதமாகப் பயன்படுத்தி அதே நிலைக்குக் கொண்டுவந்தார்கள்.

இறைச்சியைக் குறிக்கும் ‘மீட்’ ஒரு காலத்தில் எல்லா உணவையும் குறித்தது. அதனால்தான் இறைச்சியின் சாயலே இல்லாத இனிப்புப் பண்டத்துக்கு ‘ஸ்வீட்மீட்’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. மானைக் குறிக்கும் ‘டியர்’ முன்பு எந்த விலங்கையும் குறித்தது. ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல்லான ‘டியர்’ இன்றும் விலங்கு என்றே பொருள்படுகிறது. ‘கிங் லியர்’ நாடகத்தில், பித்தனாக வேடமிட்ட எட்கர், சுண்டெலியும் எலியும் அவற்றைப் போன்ற ‘சிறு டியரும்’ ஏழு ஆண்டுகளாகத் தனக்கு உணவாக இருந்ததாகச் சொல்கிறான். எலிகளோடு மானைச் சேர்த்துச் சொல்ல அவனுக்கு எந்த முகாந்திரமும் இல்லை. சிறு பிராணிகள் என்பதே அவன் சொல்வது. வேட்டையில் மிகவும் விரும்பப்பட்ட விலங்கு மான் என்பதால் பொதுப்பெயர் அதன்மேல் படிந்துவிட்டது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். வடமொழியிலும் ‘மிருக’ என்ற சொல் காட்டு விலங்கையும் குறித்தது, சிறப்பாக மானையும் குறித்தது. தமிழுக்கு வந்த மிருகம் பொது விலங்காக நின்றுவிட, மான்தலை என்று பொருள்படும் மிருகசீரிடம் என்ற நட்சத்திரப் பெயரில் மட்டும் மான் தங்கிவிட்டது. ஒன்றோடொன்று நெருங்கிய தொடர்பில்லாத இரண்டு மொழிச் சமூகங்கள் வேட்டை என்ற ஒரே வழியாக ஒரே முடிவுக்கு வந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

பட்டினி கிடத்தலைக் குறிக்கும் ‘ஸ்டார்வ்’ முன்பு எந்தக் காரணத்தாலும் சாவதைக் குறித்தது. வட இங்கிலாந்தின் வட்டார வழக்கில் குளிரால் விறைப்பதையும் அது குறித்தது. விரைவைக் குறிக்கும் ‘க்விக்’ முன்பு உயிருள்ளது என்று பொருள்பட்டது. உயிருள்ளதைப் போல ஓடித் திரிவதால் பாதரசத்துக்கு ‘க்விக்சில்வர்’ என்று பெயர் வந்தது. கிறித்தவர்களின் விசுவாச அறிக்கையில், ‘க்விக்’ ஆனவர்களுக்கும் மரித்தவர்களுக்கும் தீர்ப்பளிக்க இயேசு வருவார் என்று சொல்லப்படுவதும் உயிரோடிருப்பவர்களைப் பற்றித்தான்.

சமூகத்தின் மேல்கீழ் அடுக்குகள் சொற்களில் விட்டுச்சென்ற தடம் இவற்றைவிட ஆழமானது. தமிழ்த் திரையுலகம் தன் சொந்தச் சொல்லாகவே ஆக்கிக்கொண்ட ‘வில்லன்’, பண்ணையைக் குறிக்கும் ‘வில்லா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தவன். நிலவுடைமையாளரின் பண்ணையோடு கட்டப்பட்ட உழவனுக்கு அந்தப் பெயர். 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றி, 1086இல் நிலங்களையும் குடிகளையும் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே பதிவேட்டில் ‘வில்லானி’ என்ற பெயரில் பதிவானவர்களே மிகப் பெரிய பிரிவினர். எழுதத் தெரிந்தவர்களும் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர்களும் உழவனை முரடனாகவும் கீழ்க்குணம் கொண்டவனாகவும் பார்த்தார்கள். அந்தப் பார்வையே சொல்லின் பொருளாகிப் பின்னர் கொடியவன் என்ற இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தது. சட்டத்தில் பண்ணையாளைக் குறிக்கவும் பேச்சில் கயவனைக் குறிக்கவும் ஒரே சொல்லை எழுத்துக்கூட்டில் சிறு வேறுபாட்டுடன் இருவேறாகப் பிரித்துக்கொண்டார்கள். சாதாரணக் குடிமகனைக் குறித்த ‘சர்ல்’ பண்பற்றவன் ஆனதும், உழவனைக் குறித்த ‘பூர்’ நாகரிகமற்றவன் ஆனதும் இதே கதை. மறுபுறம், நற்குடியில் பிறந்தவன் என்று மட்டுமே பொருள்பட்ட ‘ஜென்டில்’ மென்மையும் கனிவும் உடையவன் ஆயிற்று. பிறப்பைக் குறித்த சொற்கள் குணத்தைக் குறிப்பவையாக மாறும்போது யார் மேலேறினார்கள், யார் கீழிறங்கினார்கள் என்பதைக் கண்டால் அந்தச் சமூகத்தில் எழுதுகோல் யார் கையில் இருந்தது என்பது விளங்கிவிடும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று, பழைய ஆங்கிலத்தில் சிறுவனைக் குறித்த இரண்டு சொற்கள். ஒன்று ‘க்னாஃபா’, மற்றொன்று ‘க்னிஹ்ட்’. இரண்டும் சிறுவன் என்பதிலிருந்து பணியாள் என்பதற்கு வந்தன. அதன்பிறகு பாதை பிரிந்தது. மன்னருக்கும் பிரபுக்களுக்கும் குதிரையேறிப் போரில் பணிபுரிந்தவன் ‘க்னிஹ்ட்’ என்று அழைக்கப்பட்டு, ‘நைட்’ என்ற வீரப் பட்டத்துக்கு உயர்ந்தான். வீட்டிலும் தொழுவத்திலும் பணிபுரிந்தவன் ‘நேவ்’ என்ற பெயரில் ஏமாற்றுக்காரனாகத் தாழ்ந்தான். ஜெர்மன் மொழியில் இவற்றின் உறவுச் சொற்களில் ஒன்று இன்றும் சிறுவனையும் மற்றொன்று இன்றும் பணியாளையும்தான் குறிக்கின்றன. சொல்லுக்குள்ளே உயர்வோ தாழ்வோ முன்கூட்டி எழுதப்பட்டிருக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மேல் அடுக்கின் சொற்களிலும் எளிய தொடக்கங்கள் ஒளிந்திருக்கின்றன. நம் உயர் நீதிமன்றங்களில் நீதிபதியை விளிக்கும் ‘லார்ட்’, ‘ஹ்லாஃப்வேர்ட்’ என்ற கூட்டுச்சொல்லின் தேய்ந்த வடிவம். ‘ஹ்லாஃப்’ என்றால் ரொட்டி, பின்பகுதிக்குக் காவலன் என்று பொருள். வீட்டிலுள்ளோரின் உணவுக்குப் பொறுப்பானவன் தலைவன். ‘லேடி’ என்பதும் ‘ஹ்லாஃப்டிகே’ என்ற கூட்டுச்சொல்தான். அது ரொட்டிக்கு மாவு பிசைபவளைக் குறித்தது.

ஆனாலும் பெண்களைக் குறித்த சொற்களில் பெரும்பாலானவை இறங்குமுகத்தையே கண்டிருக்கின்றன. இல்லத்தரசியைக் குறித்த ‘ஹவுஸ்வைஃப்’ பேச்சில் சுருங்கி ‘ஹஸ்ஸி’ ஆகி, ஒழுக்கமற்றவள் என்ற வசையாயிற்று. மாநிலத்தை ஆள்பவர் ‘கவர்னர்’. அதன் பெண்பால் வடிவமான ‘கவர்னஸ்’ செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஊழியர். ‘வைஃப்’ என்ற சொல் மணமானவள், ஆகாதவள் என்ற பாகுபாடின்றிப் பெண் என்று மட்டுமே முதலில் பொருள்பட்டது. பேறுகாலம் பார்க்கும் ‘மிட்வைஃப்’ என்ற சொல்லில் அந்தப் பொருள் உயிரோடிருக்கிறது. அதன் முன்பகுதிக்கு ‘உடன்’ என்று பொருள் என்பதால், பிரசவிக்கும் பெண்ணின் உடனிருப்பவள் என்பதே அந்தச் சொல் சொல்வது.

தனித்து நிற்க முடியாத பழைய சொற்கள் இப்படிக் கூட்டுச்சொற்களின் உள்ளே அடைக்கலம் புகுவது ஆங்கிலத்தில் அடிக்கடி நிகழ்ந்திருக்கிறது. இரக்கத்தைக் குறித்த ‘ரூத்’ வழக்கிழந்துவிட்டது. இரக்கமற்றவனைக் குறிக்கும் ‘ரூத்லெஸ்’ மட்டும் செழிப்பாக இருக்கிறது. ஆண்மகனைக் குறித்த ‘வேர்’ மறைந்துவிட்டாலும், ஓநாயாக மாறும் மனிதன் என்ற ‘வேர்வுல்ஃப்’ கதைகளில் அது திரிகிறது. உலகத்தைக் குறிக்கும் ‘வேர்ல்ட்’ என்ற சொல்லின் முன்பகுதியும் அதுவே. மனிதனின் காலம் என்பது அந்தச் சொல்லின் மூலப் பொருள். பட்டப்பெயரைக் குறிக்கும் ‘நிக்நேம்’ இன்னும் விந்தையானது. கூடுதலைக் குறித்த ‘ஈக்’ என்ற சொல்லோடு பெயர் சேர்ந்து ‘ஒரு கூடுதல் பெயர்’ என்ற பொருளில் ‘அன் ஈக்நேம்’ என்று வழங்கியது. கேட்டவர்கள் எங்கே பிரிப்பது என்று அறியாமல் னகர ஒலியைப் பின்னால் தள்ளிவிட, புதிய சொல் பிறந்துவிட்டது.

‘நைஸ்’ என்ற சொல்லின் பயணம் இவை எல்லாவற்றையும்விட நீண்டது. அறியாதவன் என்ற இலத்தீன் சொல்லில் தொடங்கி, பிரெஞ்சு வழியாக மூடன் என்ற பொருளில் ஏறத்தாழ 1300இல் ஆங்கிலத்துக்கு வந்தது. பிறகு ஆடம்பரக்காரன், எதிலும் குறை காண்பவன், நுட்பம் பார்ப்பவன் என்று நகர்ந்து, நுண்ணியது என்ற பொருளை அடைந்து, பதினெட்டாம் நூற்றாண்டில்தான் இனியது, நல்லது என்ற இன்றைய நிலைக்கு வந்தது. மாவை ‘நைசாக’ அரைக்க வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்லும்போது, இன்றைய ஆங்கிலத்தின் ‘நல்ல’ என்ற பொருளைவிட அந்த ‘நுண்ணிய’ என்ற இடைக்காலப் பொருளுக்கே நம் வழக்கு நெருங்கி நிற்கிறது. இதற்கு நேர்மாறாக, பேறுபெற்றவன் என்ற உயர்ந்த பொருளில் தொடங்கிய ‘சில்லி’, கள்ளமற்றவன், பரிதாபத்துக்குரியவன், பலவீனன் என்று படிப்படியாக இறங்கி அறிவிலியில் வந்து நின்றது.

ஒரு சொல்லுக்கு எந்த ஆண்டில் எந்தப் பொருள் இருந்தது என்பதை எப்படி அறிகிறோம்? ஊகத்தால் அறிய முடியாது. எழுதப்பட்ட வரிகளைத் தேடிச் சேர்ப்பது ஒன்றே வழி. 1604இல் ராபர்ட் காட்ரி வெளியிட்ட முதல் ஆங்கில–ஆங்கில அகராதி, ஏறத்தாழ 2,500 கடினச் சொற்களுக்குச் சுருக்கமான விளக்கம் தந்ததோடு நின்றது. 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில் சொற்பொருளை எழுத்தாளர்களின் மேற்கோள்களால் நிறுவிக் காட்டினார். ஆனால் ஒவ்வொரு சொல்லின் வாழ்க்கையையும் முதல் சான்றிலிருந்து கடைசிச் சான்று வரை காலவரிசையில் எழுத வேண்டும் என்ற எண்ணம் 1857இல் இலண்டன் மொழியியல் கழகத்தில்தான் உருக்கொண்டது. பின்னாளில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி என்று பெயர்பெற்ற அந்தப் பணியின் பொறுப்பை 1879 முதல் ஏற்ற ஜேம்ஸ் மர்ரி, தம் தோட்டத்தில் இரும்புத் தகட்டால் அமைத்த கொட்டகையில் இருந்தபடி, பழைய நூல்களைப் படித்துச் சொற்கள் வரும் வாக்கியங்களைத் துண்டுச்சீட்டுகளில் எழுதியனுப்புமாறு பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். இலட்சக்கணக்கான சீட்டுகள் வந்து குவிந்தன. 1884இல் முதல் பகுதி வெளிவந்தது. மர்ரி 1915இல் இறந்தார். அகராதி 1928இல் நிறைவுற்றபோது அதில் 4,14,825 சொற்களும் 18 இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களும் இருந்தன. வழக்கிழந்த சொல்லுக்கும் வழக்கிழந்த பொருளுக்கும் முன்னால் அதில் ஒரு சிறிய குத்துவாள் குறி இடப்பட்டிருக்கும். பழைய நூலைப் படிப்பவர், தமக்கு நன்கு தெரிந்த சொல்லாக இருந்தாலும், அந்தக் குறியிட்ட பொருள்களையும் அவற்றின் ஆண்டுகளையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இந்தப் பழக்கம் இல்லாததால்தான் கட்டுக்கதைகள் எளிதாகப் பரவுகின்றன. செய்தியைக் குறிக்கும் ‘நியூஸ்’ என்ற சொல் வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய திசைப் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளால் ஆனது என்று நம் பள்ளிகளில் இன்றும் சொல்லித்தரப்படுவதுண்டு. அது உண்மையன்று. புதியது என்ற சொல்லின் பன்மையாக, புதியவை என்ற பொருளில், இடைக்காலத்திலேயே அது உருவாகிவிட்டது. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்யும் வழக்கமோ இருபதாம் நூற்றாண்டில்தான் பெருகியது. அதற்கு முற்பட்ட எந்த ஆங்கிலச் சொல்லுக்கும் இத்தகைய விரிவாக்கம் சொல்லப்பட்டால் அதை ஐயத்தோடு அணுகுவதே முறை.

ஆங்கிலம் இழந்தவற்றில் உண்மையிலேயே வருந்தத்தக்கவையும் உண்டு. நாளை மறுநாளைக் குறிக்க ‘ஓவர்மாரோ’ என்ற சொல் அதற்கு இருந்தது. 1535இல் மைல்ஸ் கவர்டேல் வெளியிட்ட விவிலியத்தில் அது இடம்பெற்றிருக்கிறது. முந்தாநாளுக்கு ‘எர்யெஸ்டர்டே’ இருந்தது. இரண்டையும் கைவிட்டுவிட்டு, இன்றைய ஆங்கிலம் ஒவ்வொரு முறையும் நான்கைந்து சொற்களைக் கோத்து அந்த நாள்களைச் சொல்கிறது.

சொற்களைக் காக்க உழைத்தவர்களிடமிருந்தும் ஒரு சொல் தவறிப்போனது. அடிமைப் பெண்ணைக் குறித்த ‘பாண்ட்மெய்ட்’ என்ற சொல்லுக்கான சீட்டுகள் மர்ரியின் கொட்டகையில் எங்கோ இடம் மாறிவிட்டன. அது கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் சில இடங்களில் வரும் சொல். அது இல்லாமலே அந்தப் பகுதி அச்சாகி வெளிவந்துவிட்டது. 1933இல் வெளியான பிற்சேர்க்கையில்தான் அந்தச் சொல்லுக்கு இடம் கிடைத்தது.